கவ்வாத்து வெட்டிய நிரல்: கேர்னல் குறுக்கீடுகளின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளும், அதைக் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்களும் ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

"குறுக்கீடு என்றால் என்ன?" என்று வினாத்தாளில் வந்தால் எங்கள் பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு சாதனம் மத்திய முறைவழி அலகின், அதாவது சி.பி.யூ.வின், கவனத்தைத் தன் பக்கம் திருப்ப அனுப்பும் சமிக்ஞை. அது வந்ததும் நடந்துகொண்டிருக்கும் வேலை நிறுத்தப்பட்டு, குறுக்கீட்டைக் கையாளும் நிரல் ஓடி, பிறகு பழைய வேலை தொடரும். சரியான விடை. புள்ளியும் கிடைக்கும்.

ஆனால் அந்த இரண்டு வரியைச் சரியாகச் செய்து காட்ட எத்தனை பேர் பயந்தார்கள், எழுதியதை எத்தனை தடவை அழித்தார்கள் என்பது பாடநூலில் இல்லை. அந்த அழித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். பணிசெயல் முறைமையின் இந்தப் பகுதி சேர்த்துச் சேர்த்து மட்டும் வளரவில்லை. வெட்டி வெட்டியும்தான் உருப்பட்டது.

முதலில் அடிப்படையை எங்கள் ஊர் வழியில் பார்ப்போம். கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுத்த பெண்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நிறுப்பவருக்கு மூன்றே வேலை. தராசில் வைக்க வேண்டும், கிலோவைப் பதிய வேண்டும், அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது எல்லாம் தொழிற்சாலையில், பிறகு. மடுவத்திலேயே ஒருவர் கொழுந்தைத் தூளாக்க வெளிக்கிட்டால் வரிசை மழையில் நிற்கும். நிறுக்காமலே விட்டால் யாருடைய கொழுந்து எவ்வளவு என்ற கணக்கு தொலைந்துபோகும்.

கேர்னலும் இப்படித்தான் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. குறுக்கீடு வந்தவுடன் செய்தே ஆக வேண்டிய சின்ன வேலை மேல்பாதி. பிறகு செய்யக்கூடிய பெரிய வேலை கீழ்பாதி. எது வாசலில், எது உள்ளே என்ற இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அறுபது வருடத்துக்கு மேலான கதையும் ஓடுகிறது.

பயந்த மனிதர்

ஆரம்பக் கணினிகளில் குறுக்கீடே இல்லை. சாதனம் தயாரா, தயாரா என்று நிரல்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். 1954இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகம் கட்டிய டைசியாக் என்ற கணினி, வெளிச் சாதனம் தானே கூப்பிடலாம் என்ற வசதியை முதலில் கொடுத்தவற்றில் ஒன்று. லொறியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய கணினி அது.

நெதர்லாந்தில் 1957 கடைசியில், எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்ற இருவர் இதே யோசனையைத் தங்கள் சகாவிடம் சொன்னார்கள். அந்தக் கணினிக்கு நிரல் எழுத வேண்டியவர் அவர்தான். பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய கணினி அறிஞர். யோசனையைக் கேட்டதும் அவருக்கு வந்தது பீதி. நண்பர்கள் புகழ்ந்து புகழ்ந்தே தன்னைச் சம்மதிக்க வைத்தார்கள் என்று பல வருடம் கழித்து அவரே எழுதியிருக்கிறார்.

ஏன் பயம்? அதுவரை ஒரு நிரலை ஒரே உள்ளீட்டோடு பத்துத் தடவை ஓட்டினால் பத்துத் தடவையும் ஒரே பாதையில்தான் போகும். பிழை இருந்தால் பத்துத் தடவையும் அதே இடத்தில் பிழைக்கும், பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்தால் அந்த நிச்சயம் போய்விடும். எந்தக் கட்டளைக்கும் எந்தக் கட்டளைக்கும் நடுவில் சாதனம் கதவைத் தட்டும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு வந்த பிழை நாளைக்கு வராது. பிழை தன் நிரலிலா வன்பொருளிலா என்றே சொல்ல முடியாமல் போகும்.

டைக்ஸ்ட்ரா முதலில் ஆராய்ந்த கேள்வி இது: நிறுத்தப்பட்ட நிரலின் நிலைமையை அப்படியே சேமித்து, அப்படியே திருப்பிக் கொடுக்க முடியுமா? தான் நிறுத்தப்பட்டதே அந்த நிரலுக்குத் தெரியாதபடி செய்ய முடியுமா? முடியும் என்று தன்னைத் திருப்திப்படுத்திக்கொண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தார். 1959இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு இந்த வேலையைப் பற்றியது. பிள்ளைகள் இன்று மனனம் செய்யும் "நிலைமையைச் சேமித்தல், மீட்டெடுத்தல்" என்ற சொற்றொடருக்குப் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது.

போட்டோக்கொப்பியில் பரவிய பாடம்

அடுத்தவர் ஓர் ஆசிரியர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ். 1970களின் நடுவில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கேர்னல் ஏறக்குறைய 9000 வரிதான். லயன்ஸ் அதை முழுமையாக அச்சிட்டு, பகுதி பகுதியாக விளக்கம் எழுதி மாணவர்களிடம் கொடுத்தார். குறுக்கீடு வந்ததும் சி.பி.யூ. எங்கே தாவுகிறது, எந்த முன்னுரிமை மட்டத்தில் எதை மூடி வைக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது.

யூனிக்ஸின் உரிமம் இறுகியதும் அந்த நூலைச் சுதந்திரமாகப் பரப்ப முடியாமல் போனது. ஆனால் பிள்ளைகள் கேட்பார்களா? போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்து உலகம் முழுவதும் கைமாறியது. கடந்தகால வினாத்தாள்கள் எங்கள் ஊரில் கைமாறுவதைப் போலவே. முறைப்படி புத்தகமாக வந்தது 1996இல்தான். பெரிய விடயத்தை முழுதாக வாசிக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக வைத்தால் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள் என்பதை லயன்ஸ் காட்டிவிட்டுப் போனார்.

நிறுத்துக்கொண்டே இருந்தால்?

அதே 1996இல் இன்னொரு பிரச்சினைக்கு ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜெஃப்ரி மோகுல், கே. கே. ராமகிருஷ்ணன். பின்னவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர்.

வலையமைப்பு வேகம் கூடக்கூட, பொதிக்கு ஒரு குறுக்கீடு என்று வந்து குவிந்தது. சி.பி.யூ. ஒன்றை வாங்கி வைப்பதற்குள் அடுத்தது வருகிறது. வாங்கி வாங்கி வரிசையில் போடுகிறது. வரிசையை எடுத்து வேலை செய்ய நேரமே இல்லை. வரிசை நிறைந்து பொதிகள் வீசப்படுகின்றன. கணினி முழு மூச்சாக உழைக்கிறது, வெளியே போகும் பயனோ பூச்சியம். மடுவத்தில் எல்லோரும் நிறுப்பதிலேயே நின்று, தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்ற ஆளில்லாமல், நிறுத்த கொழுந்தெல்லாம் அழுகிப்போவது மாதிரி.

அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. கூட்டம் கூடினால் குறுக்கீட்டை மூடிவிடு. நீயாகப் போய் அளவாக எடுத்து வேலை செய். கூட்டம் குறைந்ததும் திரும்பத் திற. பழைய "தயாரா, தயாரா" முறையே அளவோடு திரும்பி வந்தது. 2002 அளவில் லினக்ஸும் இந்த வழியைத் தன் வலையமைப்புப் பகுதியில் எடுத்துக்கொண்டது. பழைய முறை என்பதற்காக ஒன்றை எறிந்துவிடக் கூடாது என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது.

லினக்ஸ் தோட்டம்

லினக்ஸ் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனுக்குள் ஓடும் கேர்னலும் அதுதான். கண்டியின் ஹந்தான மலையின் பெயரை வைத்து இலங்கையர் உருவாக்கிய ஹந்தான லினக்ஸின் உள்ளேயும் அதுதான்.

ஆரம்பத்தில் ஒரே சி.பி.யூ.வுக்கு எழுதப்பட்டது. ஏதாவது முக்கியமான இடத்தைத் தொடும்போது "எல்லாக் குறுக்கீட்டையும் மூடு" என்று ஒரு கட்டளை, முடிந்ததும் "திற" என்று இன்னொன்று. ஒரு சி.பி.யூ. இருக்கும் வரை போதுமாக இருந்தது. 1996இல் லினக்ஸ் பல சி.பி.யூ.க்களில் ஓடத் தொடங்கியதும் அந்தக் கட்டளை பூதமாகிவிட்டது. ஒருவர் மூடு என்றால் மற்ற எல்லா சி.பி.யூ.க்களின் குறுக்கீடுகளும் நிற்க வேண்டும். நான்கு மலையில் வேலை நடக்கும்போது ஒரு மலையில் ஒருவர் கையைத் தூக்கினால் தோட்டம் முழுக்க நிற்பதைப் போல.

கீழ்பாதிக்கும் அதே கதி. அந்த நாளில் 32 கீழ்பாதிகள் மட்டும் இருந்தன. எத்தனை சி.பி.யூ. இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடலாம். 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு, சி.பி.யூ.க்கு சி.பி.யூ. தனியாக ஓடக்கூடிய புதிய வகைகளைக் கொண்டுவந்தது.

பிறகு 2002 ஜூலையில், 2.5.28 என்ற பரீட்சார்த்தப் பதிப்பில், ஹங்கேரியரான இங்கோ மோல்னார் அந்த ஊரடங்குக் கட்டளையைப் பல சி.பி.யூ. கணினிகளிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டார். இனி ஒவ்வொரு டிரைவரும் தன் தரவைத் தன் பூட்டால் காக்க வேண்டும். விளைவு? ஏராளமான டிரைவர்கள் அடுத்த நாளே வேலை செய்யவில்லை. சில வருடக் கணக்கில் "பல சி.பி.யூ.வில் உடைந்தது" என்ற குறியோடு கிடந்தன.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளரும், கொழுந்து கைக்கு எட்டாது. அதனால் சில வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து. வெட்டிய அன்று மலை செத்த மாதிரி மொட்டையாகக் கிடக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் யாரோ தோட்டத்தை அழித்துவிட்டார்கள் என்று நினைப்பார். துளிர்க்க மாதக் கணக்காகும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே கத்தியை எடுப்பார்கள்.

அழுகிற பிள்ளையும் ஒரு தடவை ஊதிய கொம்பும்

2006 செப்டெம்பரில் வந்த 2.6.18 பதிப்பில் இன்னொரு பெரிய கவ்வாத்து. செய்தவர்கள் ஜெர்மனியின் தோமஸ் கிளைக்ஸ்னரும் அதே மோல்னாரும்.

குறுக்கீடுகள் எல்லாம் ஒரு சாதி அல்ல. ஒரு வகை, பிள்ளைக்காம்பராவில் அழுகிற குழந்தையைப் போன்றது. பால் கொடுக்கும் வரை அழுகை நிற்காது. இதற்கு மட்டவகை என்று பெயர். இன்னொரு வகை, காலையில் ஒரு தடவை ஊதும் கொம்பு. கேட்டால் கேட்டதுதான், தவறவிட்டால் போய்விட்டது. இது விளிம்புவகை. முதல் வகையில் வாசலை மூடி, காரணத்தைத் தீர்த்து, பிறகு திறக்க வேண்டும். இரண்டாவதில் கேட்டதை உடனே ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும்போது இன்னொரு தடவை ஊதினால் அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய லினக்ஸில் இந்த எல்லா வகைக்கும் ஒரே பெரிய செயற்கூறு. "இந்த வகையென்றால் இப்படி, அந்த வகையென்றால் அப்படி" என்று நிபந்தனைக்கு மேல் நிபந்தனை. பல வன்பொருள் வகைகள் அதன் சொந்தப் பிரதிகளை வேறு வைத்திருந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்கும். ஏ.ஆர்.எம். பகுதியைப் பராமரித்த ரஸல் கிங் மட்டும் வகைக்கு ஒரு சிறிய செயற்கூறு என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார். கிளைக்ஸ்னரும் மோல்னாரும் அந்த யோசனையை எடுத்து எல்லா வன்பொருளுக்கும் பொதுவாக்கினார்கள். மட்டவகைக்கு ஒன்று, விளிம்புவகைக்கு ஒன்று என்று சிறிய சிறிய செயற்கூறுகள். வன்பொருளைத் தொடும் வேலை தனியாக, ஒழுங்கு தனியாக, டிரைவரின் வேலை தனியாக. அந்தப் பெரிய செயற்கூறு உடனே போகவில்லை. எல்லோரும் புதிய வழிக்கு மாறும் வரை வருடக் கணக்கில் இருந்து, பிறகுதான் நீக்கப்பட்டது.

அதே வருடம் ஒக்டோபரில் டேவிட் ஹவெல்ஸ் என்பவர் சின்னதாகத் தோன்றும் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு குறுக்கீட்டுக் கையாளிக்கும் மூன்று உள்ளீடுகள் கொடுக்கப்பட்டு வந்தன. மூன்றாவதைக் கிட்டத்தட்ட யாருமே பயன்படுத்தவில்லை. ஆனாலும் ஒவ்வொரு குறுக்கீட்டிலும் அதைக் கையிலிருந்து கைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஹவெல்ஸ் அதை வெட்டினார். அதற்காகக் கேர்னல் முழுக்க இருந்த டிரைவர்களையெல்லாம் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு சொல்லை எடுக்க ஐந்து வருடம்

எங்களுக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஆரம்பத்திலிருந்து லினக்ஸில் "வேகக்" கையாளி, "மெதுவான" கையாளி என்று இரண்டு வகை. வேகமானது ஓடும்போது மற்றக் குறுக்கீடுகள் மூடியிருக்கும். மெதுவானது ஓடும்போது திறந்திருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்திருந்தால் ஒன்றின் நடுவில் இன்னொன்று, அதன் நடுவில் மற்றொன்று என்று ஏறும். ஒவ்வொன்றும் கேர்னலின் மிகச் சிறிய அடுக்கு நினைவகத்தில்தான் உட்கார வேண்டும். புதிய வலையமைப்பு அட்டைகள் பல வரிசைகளின் குறுக்கீடுகளை ஒரே சி.பி.யூ.வுக்கு அடுத்தடுத்து அனுப்பியபோது அந்த அடுக்கு நிரம்பி வழிந்தது. வழிந்தால் கணினி விழும்.

2010இல் கிளைக்ஸ்னர் வித்தியாசத்தையே ஒழித்தார். இனி எல்லாக் கையாளிகளும் குறுக்கீடு மூடிய நிலையில்தான் ஓடும். மெதுவாக வேலை செய்ய ஆசைப்படுபவர் கையாளியில் செய்ய வேண்டாம், உள்ளே போய்ச் செய்யட்டும். அதற்கு வழி 2009இலேயே திறக்கப்பட்டிருந்தது. கையாளி சாதனத்தை அமைதிப்படுத்திவிட்டு, மிச்ச வேலையைத் தனி இழையிடம் கொடுக்கலாம். அந்த இழையைக் கேர்னல் மற்ற வேலைகளைப் போலவே முன்னுரிமை பார்த்து நிறுத்தலாம், ஓட்டலாம்.

முடிவு 2010இல் எடுத்தாயிற்று. ஆனால் "வேகமாக ஓட்டு" என்று கேட்கும் அந்தப் பழைய சொல் டிரைவர்களில் சிதறிக் கிடந்தது. அர்த்தமே இல்லாத சொல். இருந்தாலும் வாசிக்கிறவரைக் குழப்பும். பலர் சேர்ந்து ஒவ்வொரு கோப்பாகத் துடைத்து, கடைசியாக அது நீக்கப்பட்டது 2015இல். ஒரு சொல்லுக்கு ஐந்து வருடம்! யாரும் கைதட்டாத வேலை. ஆனால் இன்று அந்த நிரலைப் புதிதாக வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு குழப்பம் குறைவு.

இழை வழி இன்னொரு கதவையும் திறந்தது. தொழிற்சாலை இயந்திரம், ரோபோக் கை போன்றவற்றுக்குப் பதில் சரியான நேரத்தில் வந்தே ஆக வேண்டும். ஒரு குறுக்கீடு எவ்வளவு நேரம் வாசலை அடைத்து நிற்கும் என்று தெரியாவிட்டால் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க முடியாது. கிளைக்ஸ்னரும் நண்பர்களும் ஏறக்குறைய இருபது வருடம் இதற்காக உழைத்தார்கள். 2024 செப்டெம்பரில் வியன்னாவில் கடைசிக் கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, தங்க நிறத் தாள் சுற்றி, டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது பிரதான லினக்ஸுக்குள் வந்தது.

சென்னையிலிருந்து பார்த்தால்

கடல் தாண்டி, எங்கள் மொழி பேசும் நகரத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் என்பது யாரும் உரிமக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய, சி.பி.யூ.க்களுக்கான கட்டளைத் தொகுதி. அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் சக்தி என்ற சி.பி.யூ. வரிசை வடிவமைக்கப்பட்டது. 2018இல் சிப்பாக வந்து லினக்ஸையும் ஓட்டிக் காட்டியது.

அந்த ரிஸ்க்-ஃபைவுக்கான லினக்ஸ் பகுதியிலும் இதே கவ்வாத்து நடந்தது. ஒரு சி.பி.யூ. இன்னொரு சி.பி.யூ.வைக் கூப்பிடும் குறுக்கீடுகளுக்கு அங்கே தனி வழி, தனி விதி இருந்தது. 2023இல் அனூப் படேல் என்ற பொறியியலாளரின் திருத்தங்கள் அவற்றையும் சாதாரணக் குறுக்கீடுகளாக்கின. 2006இல் வெட்டிய பாதை பொதுவாக இருந்ததால், அப்போது பிறந்தே இராத ஒரு சி.பி.யூ. குடும்பமும் அதே பாதையில் நடக்க முடிந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு

இதையெல்லாம் ஏன் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

கணினித் துறை என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, அது நமக்கு எட்டாது என்று பல பிள்ளைகள் முன்கூட்டியே ஒதுங்கிவிடுகிறார்கள். மேலே சொன்னவர்களில் பலர் செய்தது புதிதாக ஒன்றைக் கட்டுவது அல்ல. மற்றவர் எழுதியதைப் பொறுமையாக வாசித்தார்கள். எது தேவை, எது பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரித்தார்கள். வெட்டினார்கள், வெட்டியதால் உடைந்ததைத் திருத்தினார்கள். இந்த வேலைக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஆங்கிலம் கொஞ்சம், சி மொழி கொஞ்சம், நிறையப் பொறுமை. வெட்ட வேண்டிய கிளை எது, விட வேண்டிய கிளை எது என்று பார்த்தே சொல்லக்கூடியவர்கள் எங்கள் லயங்களில் தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தக் கண் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

லயன்ஸின் மாணவர்களுக்குப் போட்டோக்கொப்பிதான் கிடைத்தது. உங்களுக்கு முழு லினக்ஸ் கேர்னலும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. அதில் "கேர்னல்" என்ற கோப்புறைக்குள் "ஐ.ஆர்.கியூ." என்று ஒரு கோப்புறை. கிளைக்ஸ்னரின் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்னப் பயிற்சி. லினக்ஸ் ஓடும் ஏதாவது ஒரு கணினியில் உட்காருங்கள். பாடசாலைக் கணினி அறையில் ஒதுக்கி வைத்த பழைய கணினி என்றாலும் பரவாயில்லை, யூ.எஸ்.பி.யில் லினக்ஸ் போட்டுத் தொடங்கலாம். "ப்ரொக்" என்ற கோப்புறையில் "இன்டரப்ட்ஸ்" என்ற கோப்பைத் திறங்கள். எந்தச் சாதனம் இதுவரை எத்தனை தடவை கதவைத் தட்டியது என்ற கணக்கு, சி.பி.யூ. வாரியாக, மடுவத்துப் புத்தகம் மாதிரி வரிசையாக இருக்கும். மௌஸை அசையுங்கள், நாலு எழுத்துத் தட்டுங்கள், திரும்பத் திறந்து பாருங்கள். எந்த எண் கூடியது?

விடையைக் கீழே கருத்தில் எழுதுங்கள். எந்த வரி, எவ்வளவு கூடியது, ஏன் என்று உங்கள் சொந்தச் சொல்லில். சந்தேகம் இருந்தால் அதையும் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த பதிவில் அந்தக் கணக்குகளை வைத்தே மேல்பாதி, கீழ்பாதியை விரிவாகப் பார்ப்போம்.